சின்ன விமானத்தை நாமே ஓட்டிக்கிட்டு ஃபாரின் போக முடியுமா? பிரைவேட் பைலட் லைசென்ஸில் எது முடியும், எது முடியாது? முழு விளக்கம்

பொம்மிடி ரயில்வே ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்ல நின்னா ஒரு பக்கம் சேர்வராயன் மலை தெரியும். அந்த மலைக்கு அந்தப் பக்கம், ஓமலூர் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கு. நேர்கோட்டில் அளந்தா சுமார் 30 கிலோமீட்டர்தான். இப்போ அங்கே விமானப் பயிற்சியும் நடக்குது. அதனால தர்மபுரி, சேலம் பக்கத்து பிள்ளைகளுக்கு 'பைலட் ஆகணும்'ங்கிறது எட்டாத ஆசையா தெரியறதில்லை.

ஆனா பைலட்னு சொன்னதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வர்றது ஏர்லைன்ஸ் வேலைதான். அது இல்லாம இன்னொரு வகை இருக்கு. காருக்கு லைசென்ஸ் எடுத்து சொந்தமா ஓட்டுற மாதிரி, சம்பளத்துக்கு இல்லாம ஆசைக்காக விமானம் ஓட்டுறவங்க. அவங்களுக்குத்தான் பிரைவேட் பைலட் லைசென்ஸ், சுருக்கமா பிபிஎல்.

சரி, அந்த லைசென்ஸை வெச்சுக்கிட்டு இலங்கைக்கோ, அமெரிக்காவுக்கோ போய் ஜாலியா பறக்க முடியுமா? முடியும். ஆனா எப்படி முடியும்ங்கிறதுலதான் பலர் தடுமாறுறாங்க. பணத்தை இழக்கிறதும், சில நேரம் உயிரையே பறிகொடுக்கிறதும் அங்கேதான். ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

பிபிஎல் வாங்க என்ன வேணும்?

இந்தியாவில் லைசென்ஸ் கொடுக்கிறது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். அடிப்படைத் தகுதிகள் இவைதான்:

- வயது 17 முடிந்திருக்க வேண்டும். (மாணவர் பைலட் லைசென்ஸை 16 வயதிலேயே வாங்கலாம்.)
- 10-ம் வகுப்பு தேர்ச்சி.
- இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று.
- விமான விதிகள், வானிலை, வழிகண்டறிதல், விமானம் - இன்ஜின் பற்றிய எழுத்துத் தேர்வு.
- குறைந்தபட்சம் 40 மணி நேரம் பறந்த அனுபவம். இதில் தனியாகப் பறந்த நேரமும், தனியாகவே வேறு ஊர்களில் இறங்கிவிட்டுத் திரும்பும் நீண்ட பயணமும் அடங்கும்.
- ரேடியோவில் பேசுவதற்கான தனி லைசென்ஸ்.

ஏர்லைன்ஸ் வேலைக்கான கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் வேணும். 12-ம் வகுப்பில் இயற்பியல், கணிதம் படிச்சிருக்கணும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் வேணும். பிபிஎல்-க்கு இந்த அளவு கெடுபிடி கிடையாது. அதுக்கு ஏத்த மாதிரி கட்டுப்பாடும் உண்டு. பிபிஎல் வெச்சிருக்கிறவர் நண்பர்களை, குடும்பத்தாரை ஏத்திக்கிட்டுப் போகலாம். ஆனா பறக்கிறதுக்காக யார்கிட்டயும் சம்பளமோ வாடகையோ வாங்கக் கூடாது. 'ஆளுக்கு இவ்வளவு கொடுங்க, யாழ்ப்பாணம் கூட்டிட்டுப் போறேன்'னு சொன்னா அது சட்டவிரோதம்.

வெளிநாட்டுக்குப் போக இது மட்டும் போதுமா?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து 1944-ல் சிகாகோவில் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் சர்வதேச விமானப் பயணத்துக்கு அடிப்படை அதுதான். அதன்படி, விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கோ, அந்த நாடு கொடுத்த அல்லது அந்த நாடு ஏத்துக்கிட்ட லைசென்ஸ் பைலட்டுக்கு இருக்கணும்.

நம்ம ஊர் மொழியில சொன்னா, நீங்க எந்த நாட்டு ஆள்ங்கிறது முக்கியமில்லை. விமானத்தோட நம்பர் பிளேட் எந்த நாட்டுதுங்கிறதுதான் கணக்கு. இந்திய விமானங்களோட பதிவு எண் 'விடி'ன்னு தொடங்கும். அமெரிக்க விமானங்களுக்கு 'என்'னு தொடங்கும்.

அதனால வெளிநாட்டில் பறக்க இரண்டு வழி இருக்கு.

முதல் வழி: இந்திய விமானத்தையே இங்கிருந்து ஓட்டிக்கிட்டுப் போறது. இதுக்கு இந்திய லைசென்ஸ் செல்லும். ஆனா போற நாட்டோட அனுமதி, சுங்கம், குடியேற்றம்னு வேலை நிறைய இருக்கு.

இரண்டாம் வழி: சாதாரண பயணியா டிக்கெட் எடுத்துப் போய், அந்த நாட்டில் வாடகைக்கு விமானம் எடுத்து ஓட்டுறது. இதுக்கு அந்த நாடு உங்க இந்திய லைசென்ஸை ஏத்துக்கணும். பொழுதுபோக்குக்காகப் பறக்கிற பலருக்கு இதுதான் சுலபமான, செலவு குறைஞ்ச வழி.

அமெரிக்காவில் வாடகை விமானம்: நடைமுறை என்ன?

அமெரிக்காவில் வெளிநாட்டு பிபிஎல் வெச்சிருக்கிறவங்களுக்கு, அந்த லைசென்ஸை அடிப்படையா வெச்சே ஒரு அமெரிக்க பிரைவேட் பைலட் சான்றிதழ் கொடுக்கிற விதி இருக்கு. திரும்பவும் முழுப் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை. ஆனா படிப்படியா செய்ய வேண்டியது இருக்கு:

1. உங்க லைசென்ஸ் உண்மையானதுதானான்னு அமெரிக்க விமானத்துறை, டிஜிசிஏ-விடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். இதுக்கு நேரம் பிடிக்கும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே விண்ணப்பிச்சிடுங்க.
2. அங்கே போனதும் அவங்க அலுவலகத்தில் நேரில் ஆவணங்களைக் காட்டி சான்றிதழ் வாங்கணும்.
3. ஒரு பயிற்சியாளரோடு பறந்து, பேசி, 'ஃபிளைட் ரிவ்யூ' முடிக்கணும்.
4. வாடகைக்கு விடுற நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு முறை உங்களை ஓட்டச் சொல்லிப் பார்க்கும். இன்சூரன்ஸுக்காக இதை விடவே மாட்டாங்க.

இன்னொண்ணும் நல்லா ஞாபகம் வெச்சுக்கணும். இந்தச் சான்றிதழ் உங்க இந்திய லைசென்ஸ் மேல நிக்கிறது. இந்திய லைசென்ஸ் காலாவதி ஆனாலோ, ரத்து ஆனாலோ, அதுவும் செல்லாது.

விசா விஷயத்திலும் கவனம் தேவை. லைசென்ஸ் இருக்கிறவர் சுத்திப் பார்க்கப் பறக்கிறது வேற, புதுசா லைசென்ஸ் எடுக்கப் பயிற்சிக்குப் போறது வேற. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம், அமெரிக்காவில் விமானப் பயிற்சி எடுக்கிற வெளிநாட்டவருக்குத் தனியா பாதுகாப்புச் சோதனை உண்டு. அதுக்கான விசாவும் வேற. 'டூரிஸ்ட் விசாவில் வாங்க, லைசென்ஸே எடுத்துக் கொடுத்துடுறோம்'னு யாராவது ஏஜென்ட் சொன்னா, அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளிலும் வெளிநாட்டு லைசென்ஸை சரிபார்த்து ஏத்துக்கிற நடைமுறை இருக்கு. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அந்தந்த நாட்டு விமானத்துறையோட அதிகாரப்பூர்வ தளத்தை மட்டும் நம்புங்க.

இங்கிருந்தே ஓட்டிக்கிட்டுப் போனா? திருச்சி - யாழ்ப்பாணம் கணக்கு

நமக்குப் பக்கத்து வெளிநாடு இலங்கை. யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாத் திறக்கப்பட்டது. திருச்சியில் இருந்து பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீட்டர்தான். பொம்மிடியில் இருந்து சென்னைக்குப் போறதைவிடக் குறைஞ்ச தூரம்!

பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் இருக்கிற செஸ்னா 172 ரக நாலு சீட் விமானத்தை உதாரணமா எடுத்துப்போம். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகம். மணிக்கு 35 லிட்டர் அளவுக்கு எரிபொருள் குடிக்கும். இப்போ கணக்கு போடுவோம்:

- பலாலி போய்ச் சேர: சுமார் 55 நிமிடம், 32 லிட்டர்
- அங்கே இறங்க முடியாமல் திருச்சிக்கே திரும்ப: இன்னொரு 32 லிட்டர்
- அதற்கும் மேல் கையிருப்பு, பகலில் குறைந்தது 30 நிமிடத்துக்கு: 18 லிட்டர்
- தரையில் ஓட, மேலே ஏற: சில லிட்டர்

மொத்தத்தில் 90 லிட்டர் போல ஆகும். எதிர்க்காற்று அடிச்சா இன்னும் கூடும். டேங்கில் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். 'அப்போ ஃபுல் டேங்க் அடிச்சிட்டுப் போலாமே'ன்னு தோணும். ஆனா இந்த விமானத்தில் ஆள், பை, எரிபொருள் எல்லாம் சேர்த்து ஏத்தக் கூடிய எடை, மாடலைப் பொறுத்து 400 கிலோ அளவுதான். ஃபுல் டேங்க் எரிபொருளே 140 கிலோவுக்கு மேல் வந்துடும். மீதியில் மூணு பெரியவங்களும் கொஞ்சம் பையும்தான் போகலாம். நாலு சீட் இருக்குன்னு நாலு பேரும் ஏறிட முடியாது. எடை, சமநிலை கணக்கு போடாம ஒரு பைலட்டும் கிளம்பக் கூடாது.

எரிபொருளிலும் ஒரு சிக்கல் இருக்கு. பெரிய ஜெட் விமானங்களுக்குப் போடறதை இந்த பிஸ்டன் இன்ஜினுக்குப் போட முடியாது. இதுக்குத் தேவை 'ஆவ்காஸ்'னு ஒரு தனி பெட்ரோல். இது எல்லா ஏர்போர்ட்லயும் கிடைக்காது. இந்தியாவே பல வருஷமா இதை இறக்குமதி பண்ணிட்டுத்தான் இருந்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரிச்ச ஆவ்காஸை அறிமுகப்படுத்துச்சு. அதனால போற இடத்தில் எரிபொருள் இருக்கான்னு கேட்டு உறுதி பண்ணாம கிளம்பினா, விமானத்தை அங்கேயே நிறுத்திட்டு டிக்கெட் எடுத்துத்தான் வீட்டுக்கு வரணும்.

சேலத்தில் இருந்து நேரா இலங்கை போக முடியுமா?

முடியாது. நாட்டை விட்டு வெளியே போற எந்த விமானமும், சுங்கமும் குடியேற்றச் சோதனையும் இருக்கிற விமான நிலையத்தில் இருந்துதான் கிளம்பணும். திரும்பி வரும்போதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, கோவை, மதுரையில் இருந்து வெளிநாட்டு விமானங்கள் போகுது. சேலத்தில் இருந்து கிளம்புறவர் முதல்ல இதில் ஒண்ணுல இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கிட்டுத்தான் கடல் தாண்டணும்.

கூட எடுத்துப் போக வேண்டிய ஆவணங்கள்:

- விமானப் பதிவுச் சான்று, பறக்கத் தகுதிச் சான்று
- பைலட் லைசென்ஸ், மருத்துவச் சான்று, ஆங்கிலத் திறன் சான்று (நான்காம் நிலை அல்லது அதற்கு மேல்)
- ரேடியோ லைசென்ஸ், பயணப் பதிவேடு
- பயணிகள் பட்டியல், சரக்கு இருந்தால் அதன் விவரம்
- இன்சூரன்ஸ்
- பாஸ்போர்ட், விசா. ஏர்லைன்ஸ் ஊழியர்களுக்குக் கிடைக்கும் சலுகை உங்களுக்கும் கிடைக்கும்னு நினைக்க வேண்டாம்

இதுபோக, போற நாட்டில் இறங்க முன்கூட்டியே அனுமதி வாங்கணும். ஃபிளைட் பிளான் தாக்கல் பண்ணணும். இந்தியாவில் வான் பாதுகாப்பு அனுமதி எண் இல்லாம கிளம்பவே விட மாட்டாங்க.

ஃபிளைட் பிளானில் புதுசா பறக்கிறவங்க அடிக்கடி செய்யற தப்பு நேரக் குழப்பம். அதில் எழுத வேண்டியது உலகப் பொது நேரம். நம்ம கடிகாரத்தில் இருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்கணும். காலை 11.30-க்குக் கிளம்பணும்னா 06.00-ன்னு எழுதணும்.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி?

1987 மே 28. மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் ரஸ்ட் என்ற 18 வயது இளைஞர், ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் இருந்து வாடகை செஸ்னா 172-ல் கிளம்பினார். ஸ்டாக்ஹோம் போறேன்னு சொன்னவர், திசை மாத்தி சோவியத் எல்லைக்குள்ள நுழைஞ்சார். நேரா மாஸ்கோ செஞ்சதுக்கம் பக்கத்தில் கொண்டு போய் இறக்கினார். உலகமே ஆடிப்போச்சு. அவருக்கு 4 வருஷம் தண்டனை கிடைச்சுது. ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துட்டு 1988-ல் வெளியே வந்தார்.

நம்ம நாட்டுக்கும் அனுபவம் இருக்கு. 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் ஒரு வெளிநாட்டு விமானம் நள்ளிரவில் ஆயுதங்களை வானத்தில் இருந்து கொட்டிட்டுப் போச்சு. அப்படிப் பார்த்த நாட்டில், அடையாளம் தெரியாத ஒரு சின்னப் புள்ளி ரேடாரில் வந்தா சும்மா விடுவாங்களா? அந்த அனுமதி எண் உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

கடல்னு வந்தா கதையே வேற

2025 நவம்பரில் சேலத்தில் இருந்து கிளம்பிய ஒரு பயிற்சி விமானம், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே நெடுஞ்சாலையில் அவசரமாகத் தரையிறங்கியது நினைவிருக்கலாம். அதில் இருந்தவங்க உயிர் தப்பினாங்க. தரை மேல பறக்கும்போது ரோடோ வயலோ ஏதாவது ஒண்ணு கிடைக்கும். கடல் மேல அது கிடையாது.

ஒற்றை இன்ஜின் நின்னுபோனா விமானம் கல்லு மாதிரி விழாது, சறுக்கிக்கிட்டே இறங்கும். செஸ்னா 172 ஒரு கிலோமீட்டர் இறங்கறதுக்குள்ள சுமார் 9 கிலோமீட்டர் முன்னாடி போகும். 10,000 அடி உயரம்னா ஏறத்தாழ 3 கிலோமீட்டர், அப்போ 27 கிலோமீட்டர் கிடைக்கும். 3,000 அடியில் பறந்தா வெறும் 8 கிலோமீட்டர்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல். அதனால உயரமாப் பறந்து, குறுகலான இடத்தில் கடக்கிறது எப்பவும் நல்லது. உயிர்காப்பு ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில் வைக்காம, உடம்பில் போட்டுக்கிட்டே பறக்கணும். ஆனா தண்ணியில் இறங்கி வெளியே வர்றதுக்கு முன்னாடி அதை ஊதக் கூடாது. உள்ளேயே ஊதினா கதவு வழியா வெளியே வர முடியாம மாட்டிக்குவீங்க.

இன்னொரு விதியும் இருக்கு. கண்ணால் பார்த்துப் பறக்கிற முறையில் (இதுக்குப் பேர் விஎஃப்ஆர்) இந்தியாவில், சிறப்பு அனுமதி இல்லாம சூரியன் மறைஞ்சு 20 நிமிஷத்துக்கு மேல் பறக்கக் கூடாது. கரையில் இருந்து 100 கடல் மைல், அதாவது சுமார் 185 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள்ளயும் போகக் கூடாது. வெறும் பிபிஎல்-லோட அந்தமானுக்குப் போயிடலாம்னு கனவு காணாதீங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய ஆபத்து எது?

இன்ஜின் கோளாறைவிடப் பெரிய ஆபத்து 'எப்படியாவது போய்ச் சேர்ந்துடணும்'ங்கிற அவசரம்.

1999 ஜூலை 16. அமெரிக்க முன்னாள் அதிபரின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏத்திக்கிட்டு சொந்த விமானத்தில் கிளம்பினார். அவர் பிரைவேட் பைலட். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கிறதுக்கான தகுதிச் சான்று அவர்கிட்ட இல்லை. இரவு நேரம், கடல் மேல மூட்டமான பனிப்புகை. வானம் எது, தண்ணி எதுன்னு பிரிச்சுப் பார்க்க அடிவானமே தெரியலை. விமானம் கடலில் விழுந்து மூணு பேரும் இறந்தாங்க. திசை உணர்வு தடுமாறி கட்டுப்பாட்டை இழந்ததுதான் காரணம்னு விசாரணை முடிவு சொல்லுச்சு.

அடிவானம் தெரியாதப்போ நம்ம காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ஞ்சு திரும்பிக்கிட்டே இறங்கும், ஆனா உடம்புக்கு 'நேராத்தான் போறோம்'னு தோணும். திறமை, தைரியம் எதுவும் இதில் உதவாது. பயிற்சி மட்டும்தான் உதவும்.

நம்ம பக்கம் இதைப் புரிஞ்சுக்க கடல் வரைக்கும் போக வேண்டியதில்லை. பொம்மிடிக்கும் சேலம் ஏர்போர்ட்டுக்கும் நடுவில் இருக்கிற சேர்வராயன் மலை 5,300 அடி உயரம். மழைக்காலத்தில் அதன் உச்சி மேகத்துக்குள்ள மறைஞ்சுடும். செஸ்னாவில் 10 நிமிஷ தூரம்தான். 'பத்து நிமிஷம்தானே, புகுந்துடலாம்'னு நினைக்கிற பைலட்டுக்குத்தான் அந்த மலை எமன். இலங்கைப் பயணத்துக்கும் இதே கதைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நேரத்தில் பாக் நீரிணை மேல பொழுதுபோக்குப் பயணம் போடறதே புத்திசாலித்தனம் இல்லை.

வெளிநாட்டுப் பயணத்தில் இந்த அவசரம் இன்னும் கூடும். லீவு முடியுது, விசா முடியுது, வாடகை ஏறுது, கூட வந்தவங்களுக்கு திங்கட்கிழமை ஆபீஸ். அதனால அனுபவசாலிகள் செய்யற வேலை ஒண்ணு உண்டு. திட்டத்திலேயே இரண்டு நாள் சும்மா விட்டு வைப்பாங்க. வானிலை சரியில்லைன்னா விமானத்தை நிறுத்திட்டு ஏர்லைன்ஸில் திரும்பி வரக் கையில் பணம் வெச்சிருப்பாங்க. இந்த இரண்டும் இல்லாதவர், வானத்தைப் பார்த்து 'இன்னைக்கு வேண்டாம்'னு சொல்ல முடியாத நிலைக்குப் போயிடுவார்.

தமிழர்கள் யாராவது இப்படிப் பறந்திருக்காங்களா?

இருக்காங்க. சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம், சுதந்திர இந்தியாவின் ஆரம்பகாலப் பெண் பைலட்களில் முக்கியமானவர். அவரும் கணவர் கேப்டன் வி.சுந்தரமும் 1951-ல் டி ஹேவிலாண்ட் டவ் ரக விமானத்தை இங்கிலாந்தில் இருந்து மும்பைக்கு 27 மணி நேரத்தில் ஓட்டிக்கிட்டு வந்தாங்க. ஜிபிஎஸ், செயற்கைக்கோள் படம் எதுவும் இல்லாத காலம் அது.

இந்தியாவில் இருந்து அண்மைய உதாரணம், மும்பையைச் சேர்ந்த ஆரோஹி பண்டிட். 2019-ல் ஒரு குட்டி விமானத்தில், அதாவது இலகுரக விளையாட்டு விமானத்தில், தனி ஆளா அட்லாண்டிக் கடலைக் கடந்தார். ஸ்காட்லாந்து, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, கனடான்னு தாவித் தாவிப் போனார். ஒரே மூச்சில் போகாம, இடையில் இறங்கி, வானிலைக்காகக் காத்திருந்து போற முறை அது.

கிளம்புறதுக்கு முன்னாடி உங்களையே கேட்டுக்க 6 கேள்விகள்

1. என் லைசென்ஸ், மருத்துவச் சான்று இரண்டும் பயணம் முடியும் வரை செல்லுமா?
2. கடைசி 90 நாளில் நான் பறந்திருக்கேனா? (பல நாடுகளில், பயணிகளை ஏத்த, இந்தக் காலத்தில் மூணு முறையாவது ஏறி இறங்கியிருக்கணும்.)
3. விமானம் எந்த நாட்டுப் பதிவு? என் லைசென்ஸ் அதுக்குப் பொருந்துமா?
4. இறங்குற இடத்தில் அனுமதி, சுங்கம், எரிபொருள் மூணும் உறுதியா?
5. வானிலை அறிக்கையும், பைலட்களுக்கான எச்சரிக்கை அறிவிப்புகளும் பார்த்தாச்சா? (ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் வங்கக்கடல் மேல வான்பகுதியை மூடுவாங்க.)
6. இன்னைக்குப் போகலைன்னா என்ன ஆகும்? இதுக்கு 'ஒண்ணும் ஆகாது'ன்னு பதில் வர்ற மாதிரி திட்டம் இருக்கா?

சரி, பொம்மிடியில் இருக்கிற பிள்ளை எங்கிருந்து தொடங்கணும்?

வெளிநாட்டு விளம்பரத்தில் இருந்து தொடங்க வேண்டாம். முதல்ல மருத்துவப் பரிசோதனை. கண், காது, இதயத்தில் குறை இருந்தா லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். அடுத்து, பயிற்சி நிறுவனத்துக்கு டிஜிசிஏ அங்கீகாரம் இருக்கான்னு டிஜிசிஏ இணையதளத்தில் நீங்களே பாருங்க. மொத்த ஃபீஸையும் ஒரே தவணையில் கட்டாம, பறக்கிற மணிக்கணக்கைப் பொறுத்துக் கட்ட முடியுமான்னு கேளுங்க. லைசென்ஸ் வந்த பிறகு முதல்ல நம்ம மாநிலத்துக்குள்ளயே பறந்து பழகுங்க. அப்புறம் வெளிநாட்டில், அந்த ஊர் பயிற்சியாளரோட. கடல் தாண்டுறது எல்லாத்துக்கும் கடைசி.

பொம்மிடியில் இருந்து சேலம் ஏர்போர்ட் 30 கிலோமீட்டர். அங்கிருந்து பலாலி ஓடுதளம் வரைக்கும் போகத் தேவைப்படுற பொறுமைக்கு அளவு கிடையாது. ஆனா அந்தப் பொறுமை இருக்கிறவங்க மட்டும்தான் போய்ட்டுப் பத்திரமாத் திரும்பியும் வர்றாங்க.